ரைசன் 7700எக்ஸ் ஓவர்கிளாக் செய்ய எந்த ரேம் வாங்கலாம்? வீட்டில் ஏர்கோன் இல்லை

கேள்வி: ப்ராசஸர் ரைசன் 7 7700எக்ஸ், பி650 மதர்போர்டு. கேமிங்குக்காக ஓவர்கிளாக் (நிர்ணயித்ததைவிட வேகமாக ஓட்டுவது) செய்யப் போகிறேன். 7200 வேக ரேம் வாங்கவா, 6000 போதுமா? 8 ஜிபியாக நாலு ஸ்லாட்டையும் நிரப்பினால் வேகம் கூடுமா? வீடு சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில், ஏர்கோன் இல்லை.

தம்பி, 16 ஜிபி ஸ்டிக் இரண்டு, டிடிஆர்5 6000, சிஎல்30 (காத்திருப்பு எண்), எக்ஸ்போ (பெட்டியில் எழுதிய வேகத்தை ஒரே தேர்வில் போட்டுத் தரும் ஏஎம்டி அமைப்பு) உள்ள கிட்டாக, அதாவது சேர்த்து விற்கும் ஜோடியாகப் பார்த்து வாங்குங்கள். 7200 வேண்டாம். நாலு ஸ்லாட்டையும் நிரப்பவும் வேண்டாம்.

நானும் சுங்கை சிப்புட்தான். டவுனிலும் தோட்டத்திலும் உள்ள பையன்களுக்குக் கணினி அசெம்பிள் செய்து தருகிறேன். ஏர்கோன் இல்லை என்பதைக் கடைசியில் சொல்லியிருக்கிறீர்கள். நம் ஊரில் ரேம் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியதே அதுதான். அதற்கு வருகிறேன், முதலில் வேகம்.

ரேம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தகவல் அனுப்பும். அதனால் 6000 என்று பெட்டியில் இருந்தால் அதன் உண்மையான துடிப்பு 3000 மெகாஹெர்ட்ஸ். ரைசன் 7000 வரிசையில் ப்ராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் அந்த 3000 வரைக்கும் ரேமோடு சேர்ந்தே ஓடும். நல்ல சிப் அமைந்தால் 3200 வரைக்கும் வரும், அதாவது 6400. 7200 போட்டால் கன்ட்ரோலர் ஈடுகொடுக்க முடியாமல் பாதி வேகத்துக்கு, 1800க்கு, இறங்கிவிடும். ரேம் பறக்கும், கன்ட்ரோலர் நடக்கும். காசு கூடக் கொடுத்து வாங்கியது கேமில் தெரியாது. இன்டெல் 13, 14ஆம் தலைமுறைக்கு நல்ல போர்டில் 7200 போடுவது வேறு கதை. அந்த வீடியோக்களைப் பார்த்து ரைசனுக்கு வாங்கிவிடாதீர்கள்.

சிஎல் எண்ணைத் தனியாகப் பார்க்கக் கூடாது. அதை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் எத்தனை நானோ வினாடி காத்திருக்க வேண்டும் என்பது வரும். 6000 சிஎல்30 என்றால் 10. 6000 சிஎல்36 என்றால் 12. மலிவாகக் கிடைக்கும் 5600 சிஎல்40 என்றால் 14க்கு மேல். பழைய டிடிஆர்4 3200 சிஎல்16கூட 10தான், அதனால் 30 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள் ப்ராசஸர் கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) கூடுதலாக உள்ள எக்ஸ்3டி வகை இல்லை. 7800எக்ஸ்3டியில் 96 எம்பி கேஷ் இருப்பதால் ரேம் கொஞ்சம் மெதுவாக இருந்தாலும் சமாளித்துவிடும். 7700எக்ஸில் 32 எம்பிதான், ஆகவே சிஎல்30க்குக் கூடுதலாகக் கேட்கும் ரிங்கிட்டைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

நாலு ஸ்டிக் விஷயம் சுருக்கமாக: இந்த ப்ராசஸருக்கு ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நாலு ஸ்டிக்குக்கு 3600. இந்த வித்தியாசமே போதும். இரண்டை வாங்கி, ப்ராசஸரிலிருந்து எண்ணினால் வரும் இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போடுங்கள்.

இப்போது வெயில். ரேமில் ஒவ்வொரு பிட்டும் துளி மின்னேற்றமாகத்தான் நிற்கிறது. அது கசிந்துகொண்டே இருக்கும், அதனால் குறிப்பிட்ட இடைவெளியில் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். சூடு ஏற ஏறக் கசிவும் வேகமாகும். டிடிஆர்5இல் வழக்கமான இடைவெளி 3.9 மைக்ரோ வினாடி. ஓவர்கிளாக் செய்பவர்கள் பயோஸில் (போர்டின் அடிப்படை மென்பொருளில்) டிரெஃபி என்ற அமைப்பை 65535 வரை ஏற்றி, அந்த இடைவெளியை ஐந்து மடங்குக்கு மேல் நீட்டுவார்கள். கேமில் வேகம் கூடுவது உண்மை. ஆனால் அப்படிச் செய்து காட்டுகிறவர்களில் பலர் குளிர்ந்த அறையில் இருக்கிறார்கள். தகரக் கூரைக்குக் கீழே மதியம் இரண்டு மணிக்கு நம் அறை 34 டிகிரி. அதற்கு மேல் கிராபிக்ஸ் கார்டு ஊதும் அனல் நேராக ரேம் மேல் போகிறது. டிடிஆர்5 ஸ்டிக்கின் மேலேயே மின்சாரத்தைச் சீராக்கும் சிப்பும் உட்கார்ந்திருக்கிறது, அதுவும் சுடும்.

பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவனுக்கு இரவெல்லாம் கேம் நன்றாக ஓடும், ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் நின்றுவிடும். கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். கார்டில் ஒன்றும் இல்லை. டிரெஃபியைத் தானியங்கி அமைப்புக்குத் திருப்பினேன், கேஸின் முன்பக்க விசிறியில் அப்பியிருந்த செம்மண் தூசியைச் சுத்தம் செய்தேன், சரியாகிவிட்டது. செம்பனை லாரி ஓடும் சாலையோரம் வீடு என்றால் அந்த வலையை அடிக்கடி கழுவுங்கள்.

அதனால் எக்ஸ்போவைப் போட்டுவிட்டு, மதியத்தில் சோதியுங்கள். பென்டிரைவில் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனையை ஓடவிட்டால் மட்டும் போதாது. அப்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும், ரேமுக்கு உண்மையான சூடு ஏறாது. விண்டோஸில் டிஎம்5 என்ற ரேம் சோதனை ஓடும்போதே கிராபிக்ஸ் கார்டுக்கும் வேலை கொடுங்கள். டிடிஆர்5 ஸ்டிக்கிலேயே வெப்ப உணரி இருப்பதால் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் அதன் சூட்டைப் பார்க்கலாம். 55 டிகிரியைத் தாண்டவிடாமல் வைத்துக்கொள்வது என் வழக்கம். ஒரே ஒரு பிழை வந்தாலும் ஏற்காதீர்கள், வேகத்தை ஒரு படி குறையுங்கள். ரேமில் வரும் பிழை சத்தம் போடாது; விண்டோஸ் கோப்புகளையும், நீங்கள் சேமித்த கேமையும், தங்கையின் பள்ளிப் பாட ஃபைலையும் மெதுவாகக் கெடுத்துக்கொண்டே இருக்கும். டிடிஆர்5இல் பிழைதிருத்தம் இருக்கிறதே என்பார்கள். அது சிப்புக்கு உள்ளே மட்டும்தான். சிப்பிலிருந்து ப்ராசஸர் வரைக்கும் உள்ள வழியை அது காக்காது.

எஸ்ஓசி வோல்டேஜை (ப்ராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போகும் மின்னழுத்தம்) 1.3 வோல்ட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். சில ரைசன் 7000 ப்ராசஸர்கள் எரிந்த பிறகு 2023இல் ஏஎம்டியே அந்த வரம்பை வைத்தது. பழைய பயோஸில் அந்தத் தடுப்பு இருக்காது, ஆகவே பயோஸை முதலில் புதுப்பியுங்கள்.

அப்புறம், ரேம் போட்டு முதல் முறை ஸ்விட்ச் போட்டதும் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது, பிளக்கைப் பிடுங்கிவிடாதீர்கள். இடி மழை வரும் மாலையில் இந்த வேலையைத் தொடங்காமல் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஈப்போவில் வாங்கினாலும் ஷாப்பியில் வாங்கினாலும், காசு கட்டுவதற்கு முன் ரேமின் முழு மாடல் எண் உங்கள் போர்டு நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியல் புரியவில்லை என்றால் போர்டின் முழுப் பெயரைக் கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.