வாசல் என்பது கதவா?

அன்புள்ள ஐயா,

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். வாசல், வாயில் என்றால் கதவு என்று போர்டில் எழுதிப் போட்டிருந்தேன். 'செய்தித்தாள் வாயிலாக அறிந்தேன்' என்று பாடத்தில் வந்ததும், செய்தித்தாளுக்கு ஏது கதவு என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். அது மேடைப் பேச்சில் பிறகு சேர்ந்த அலங்காரப் பொருள் என்று சொல்லிவைத்தேன். சரிதானா?

ஒரு வாசகி, அல்சூர், பெங்களூர்

அன்புள்ள சகோதரி,

பையன் கேட்டது நல்ல கேள்வி. அவனுக்கு நீங்கள் வேறு பதில் சொல்ல வேண்டும்.

முதலில் போர்டில் எழுதியதைத் திருத்திவிடுங்கள். மூடித் திறக்கிற பலகைதான் கதவு. அதைத் தாங்குகிற சட்டம் நிலை. நாம் கடந்து போகிற திறப்பு வாசல். அதற்கு முன்னால் இருக்கிற தரையும் வாசல்தான். வாசல் தெளிக்கிறோம், வாசலில் கோலம் போடுகிறோம், வாசலில் நெல் காயவைக்கிறோம். இதில் எங்குமே கதவு வரவில்லை.

இல்லத்தின் வாய் 'இல்வாய்'. அது முன்பின்னாக மாறி வாயில் ஆனது, இலக்கணப்போலி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பேச்சில் அதுவே வாசல். அப்படியென்றால் நேர்ப்பொருள் என்று நாம் நினைப்பதே உடம்பிலிருந்து எடுத்த உருவகம். வீட்டுக்கு வாய் வைத்தவர்கள் உடம்புக்கு வாயில் வைத்தார்கள். ஐம்பொறிகளைப் 'பொறிவாயில் ஐந்து' என்கிறது 6ஆம் குறள்.

எனக்கு மிகவும் பிடித்தவை தொல்காப்பியம் சொல்லும் வாயில்கள். மணவாழ்க்கையைப் பற்றிய கற்பியல் என்ற பகுதியில் தொல்காப்பியர் தோழி, தாய், பாங்கன், பாணன், விறலியர் என்று 12 வகையினரை 'வாயில்கள்' என்று அடுக்குகிறார். எல்லாம் மனிதர்கள்! தலைவனுக்கும் தலைவிக்கும் நடுவே பேசுகிறவர்கள். பரத்தையிடம் போய்விட்டுத் திரும்புகிற தலைவன் நேராக வீட்டுக்குள் நுழைந்துவிட முடியாது. முதலில் பாணனை அனுப்புவான். அவன் வந்து தலைவனுக்காகப் பரிந்து பேசுவான். தலைவியோ தோழியோ முடியாது என்றால் அது 'வாயில் மறுத்தல்'. இசைந்தால் 'வாயில் நேர்தல்'. கதவு திறந்தே கிடக்கலாம், ஆனாலும் அவன் வெளியேதான் நிற்க வேண்டும். பாணன் வாயிலாகத் தூது வந்தது, செய்தித்தாள் வாயிலாகச் செய்தி வருகிறது. மைக்கும் மேடையும் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே இந்தப் பொருள் இருக்கிறது.

அப்புறம், உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாசல் என்றதும் கதவு தோன்றுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். கன்னடத்தில் 'பாகிலு' கதவையும் குறிக்கும். 'பாகிலு தெகி' என்றால் கதவைத் திற. அது நம் வாயிலின் உடன்பிறப்பு. நம் வகரம் அங்கே பெரும்பாலும் பகரமாக ஒலிக்கும்: வாழை பாளெ, விலை பெலெ, வேர் பேரு, வாய் பாயி. கோலார் மாவட்டத்து முல்பாகல் கூட 'மூடல பாகிலு', அதாவது கிழக்கு வாசல். பிள்ளைகளுக்குக் கன்னடம் தெரியும் என்பதால் இதைச் சொல்லிக்கொடுப்பது எளிது. தமிழ் வகுப்பில் கன்னடம் எதற்கு என்று தயங்காதீர்கள். வாயில் என்ற சொல்லை அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் கொண்டுவர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

உங்கள் பகுதியின் பெயரிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. கன்னடத்தில் அல்சூர் ஹலசூரு. ஆனால் ஹலசூரு கேட் காவல் நிலையம் அல்சூரில் இல்லை. சில கிலோமீட்டர் தள்ளி, பழைய பேட்டைப் பகுதியில் இருக்கிறது. பேட்டையைச் சுற்றிக் கோட்டை இருந்த காலத்தில் அல்சூருக்குப் போகிற வாசல் அங்கே இருந்தது. எலகங்கா வாசல், ஆனேக்கல் வாசல் என்று மற்றவையும் இருந்தன. எந்த ஊருக்கு வழிவிடுகிறதோ அந்த ஊரின் பெயரை வாசலுக்கு வைத்தார்கள். டெல்லியின் காஷ்மீரி கேட், அஜ்மீரி கேட் எல்லாம் இப்படித்தான். இந்தப் பெயர்களில் கதவைப் பற்றி ஒன்றும் இல்லை, போகிற திசைதான் இருக்கிறது. 'வாயிலாக' என்ற சொல்லிலும் அந்தப் போக்குத்தான் இருக்கிறது.

அடுத்த ஞாயிறு போர்டில் 'வாசலில் யாரோ நிற்கிறார்கள்' என்று எழுதுங்கள். கதவு மூடியிருந்தால் இப்படிச் சொல்லலாமா, கதவே இல்லாத வீடு என்றால் சொல்லலாமா என்று கேளுங்கள். பிறகு அதே பையனைக் கூப்பிட்டு, செய்தித்தாள் வாக்கியத்தை வாசிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.