சோலார் தோட்ட விளக்குகள் நள்ளிரவுக்கு முன்பே அணைந்துவிடுகின்றன, பேட்டரியை மாற்றிவிடலாமா?

நீங்கள் தந்திருக்கும் விவரங்கள் இவை: 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி, 50 வாட் பேனல், பேனல், பேட்டரி, விளக்குகள் மூன்றுக்கும் நடுவில் நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் சிறிய சார்ஜ் கண்ட்ரோலர், தோட்டத்துப் பாதையில் எல்.இ.டி. விளக்குகள். முற்பகலிலேயே கண்ட்ரோலர் ‘முழு சார்ஜ்’ என்று காட்டுகிறது. இருட்டிய சில மணி நேரத்திலேயே விளக்குகள் அணைந்துவிடுகின்றன. இவற்றை விற்றவரிடம் கேட்டிருந்தால் பேட்டரி போய்விட்டது என்றுதான் சொல்லியிருப்பார். என் பதில், இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்பதே. மல்டிமீட்டரால் இரண்டு இடங்களில் அளந்து பார்க்கும் வரை பொறுத்திருங்கள்.

நான் மின்பொறியாளன் அல்லேன். ஆனால் இதே கோளாறு எங்கள் வீட்டிலும் வந்தது. மைத்துனர், கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று அனைவரும் ஒரே குரலில் பேட்டரியைக் குற்றம் சாட்டியபோது, அளந்து பார்க்காமல் ஒரு பொருளையும் மாற்றுவதில்லை என்று நான் பிடிவாதமாக நின்றேன். வீட்டில் அந்தப் பிடிவாதத்துக்குக் கஞ்சத்தனம் என்று வேறு பெயர் இருந்தது.

அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. நாள்பட்ட பேட்டரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிட்டால், அதன் கொள்ளளவு சுருங்கிவிடுகிறது. அப்போது பகலில் வோல்டேஜ் விரைவாக ஏறிவிடும், இரவில் அதைவிட விரைவாக இறங்கிவிடும். அதாவது, சீக்கிரம் நிறைவதும் சீக்கிரம் தீர்வதும் பேட்டரி மூப்பின் அடையாளங்களே. ஆனால் பேட்டரிக்கும் கண்ட்ரோலருக்கும் இடையே உள்ள ஒரேயொரு மோசமான இணைப்பும் இதே இரண்டு அடையாளங்களையும் அப்படியே காட்டும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

கண்ட்ரோலருக்குப் பேட்டரியின் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது. தன் டெர்மினலில் எத்தனை வோல்ட் வந்து நிற்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். எங்கள் வீட்டில் விளக்குகள் எரியத் தொடங்கியதும், அவை ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தபோதே, முதலில் கண்ட்ரோலரின் பேட்டரி டெர்மினல்களில் அளந்தேன்: 11.3 வோல்ட். பிறகு பேட்டரியின் ஈயத் தலைகளின் மேலேயே முனைகளை வைத்து அளந்தேன்: 12.3 வோல்ட். வயரின் முனையில் மாட்டியிருக்கும் உலோகத் துண்டான லக்கின் மேல் வைக்காமல் ஈயத்தின் மேலேயே வைக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தில் கோளாறு இருந்தால் தப்பிவிடும். இடையில் இருந்தது ஃபியூஸ் ஒன்று கோத்த கையளவு நீள வயர்தான். அதில் ஒரு வோல்ட் காணாமல் போக எந்த நியாயமும் இல்லை. 2 ஆம்பியருக்கு 1 வோல்ட் இழப்பு என்றால் வழியில் எங்கோ அரை ஓம் மின்தடை உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

அந்த அரை ஓம் என்ன செய்கிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். எங்கள் கண்ட்ரோலர் 11.1 வோல்ட்டில் விளக்குகளைத் துண்டித்துவிடும். பேட்டரியில் 12.1 வோல்ட் இருக்கும்போதே, அதாவது ஏறக்குறைய பாதிச் சார்ஜ் மிச்சமிருக்கும்போதே, கண்ட்ரோலருக்கு அது 11.1 ஆகத் தெரிந்து, தீர்ந்துவிட்டது என்று அது விளக்குகளை அணைத்துவிடுகிறது. பகலில் மின்னோட்டம் எதிர்த் திசையில் பாய்வதால் பிழையும் தலைகீழாகிறது. பேனலிலிருந்து 2.8 ஆம்பியர் வரும்போது அதே அரை ஓம் 1.4 வோல்ட்டைக் கூட்டிக் காட்டுவதால், கண்ட்ரோலர் 14.4 வோல்ட் வந்துவிட்டது என்று சார்ஜைக் குறைக்கத் தொடங்கும் நேரத்தில் பேட்டரியில் இருப்பது 13 வோல்ட்தான். இரவில் குறைத்தும் பகலில் கூட்டியும் சொல்லும் பொய்த் தராசு அது. இடையில் பழி சுமப்பது பேட்டரி.

குற்றவாளி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போதே ஒவ்வோர் இணைப்பின் இரு பக்கங்களிலும் மீட்டர் முனைகளை வைத்துக்கொண்டே போனேன். ஈயத் தலைக்கும் லக்குக்கும் இடையே சில மில்லிவோல்ட், லக்குக்கும் வயருக்கும் இடையே அதைப் போலவே, ஃபியூஸ் பிடிப்பானின் இரு பக்கங்களுக்கும் இடையே ஏறத்தாழ முழு ஒரு வோல்ட். திறந்து பார்த்தால் ஸ்பிரிங் தளர்ந்து, பித்தளை முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. வெளியே ஈரத்திலும் பனியிலும் கிடக்கும் அமைப்புகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த ஃபியூஸ் பிடிப்பானைத்தான் என்பது என் கருத்து. தொட்டுப் பார்த்தால் லேசான சூடுகூட இருக்கும். 2 ஆம்பியரும் 1 வோல்ட்டும் சேர்ந்தால் 2 வாட், அது அந்தச் சிறு இடத்திலேயே வெப்பமாகிறது. அதற்காக ஃபியூஸே வேண்டாம் என்று வயர்களை நேராக முறுக்கிவிடாதீர்கள். ஷார்ட் ஆனால் சிறிய ஈய-அமில பேட்டரிகூட நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். நீர் புகாத புதிய பிடிப்பான் ஒன்றைப் பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே போட்டேன். விளக்குகள் மீண்டும் விடியும் வரை எரியத் தொடங்கின. நெடுநாள் அரைகுறைச் சார்ஜில் கிடந்ததால் அந்தப் பேட்டரியின் திறனில் ஒரு பகுதி திரும்பவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

என்னுடைய மனக்குறையும் அதிலிருந்து எழுவதுதான். இந்தக் கோளாறோடு புதுப் பேட்டரியை மாட்டியிருந்தால் அதன் கூடுதல் கொள்ளளவால் சில காலம் விளக்குகள் நன்றாக எரிந்திருக்கும், எல்லோரும் தங்கள் ஊகம் சரியென்று மகிழ்ந்திருப்பார்கள், ஆனால் அதுவும் நாள்தோறும் முழுச் சார்ஜ் கிடைக்காமல் சல்பேட் படிந்து அற்பாயுளில் செத்திருக்கும். அப்போது பழி பேட்டரி நிறுவனத்தின் மேல் விழுந்திருக்கும். உத்தரவாதச் சீட்டை நீட்டினால், ‘சரியாக சார்ஜ் செய்யவில்லை’ என்று கடையில் கைவிரித்துவிடுவார்கள், அது உண்மையாகவும் இருக்கும். கண்ட்ரோலர்களில் பேட்டரியின் படத்தை வரைந்து மூன்று கோடுகள் காட்டுகிறார்களே, அதை வடிவமைத்தவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு; கோடுகளுக்குப் பதிலாக வோல்டேஜ் எண்ணைக் காட்டியிருந்தால் பாதிப் பேர் தாங்களாகவே சந்தேகப்பட்டிருப்பார்கள்.

சிலர் மறுத்து எழுதக்கூடும் என்பதால் இதையும் சேர்த்துவிடுகிறேன். பேனலில் நிழலோ தூசியோ இருக்கலாம் என்பார்கள். 36 செல்கள் தொடராக இணைந்த பேனலில் ஒரு செல்லின் மேல் நிழல் விழுந்தாலே உற்பத்தி வெகுவாகக் குறையும் என்பது சரிதான். ஆனால் அப்படியானால் முழு சார்ஜ் வரத் தாமதமாகுமே தவிர முற்பகலிலேயே வந்துவிடாது. விளக்கு வரையிலான நீண்ட வயரைக் குறை சொல்வோரும் உண்டு. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 15 மீட்டர் போனால், போக வர 30 மீட்டருக்கு 0.36 ஓம், 2 ஆம்பியரில் 0.7 வோல்ட் வீணாகும் என்பது உண்மையே. ஆனால் அந்த இழப்பு கண்ட்ரோலருக்கு அப்பால் நடப்பதால், விளக்கு மங்கலாமே ஒழிய அதனால் முன்கூட்டியே துண்டிக்கப்படாது. லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு நான் கீழே சொல்லும் ஓய்வு வோல்டேஜ் கணக்கு பொருந்தாது. இரண்டு இடங்களில் அளக்கும் முறை பொருந்தும்.

பேட்டரிகளுக்குச் சாவே இல்லை என்று நான் வாதிடவில்லை. விளக்குகள் எரியும்போது இரண்டு அளவுகளும் 0.1 வோல்ட்டுக்குள் ஒத்துப்போனால் உங்கள் இணைப்புகள் நன்றாகவே இருக்கின்றன. அடுத்து, நல்ல வெயில் அடித்த நாளின் முடிவில் பேனலையும் விளக்குகளையும் துண்டித்து, சில மணி நேரம் பேட்டரியை ஓய்வில் விட்டு அளந்து பாருங்கள். நிரம்பிய நல்ல பேட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். பாதி என்றால் 12.2க்கு அருகில் நிற்கும். 12.7 காட்டிவிட்டு, விளக்கைப் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஈயத் தலைகளிலேயே 11.5க்குக் கீழே சரிந்தால், உங்களுக்கு விற்றவர் சொல்லியிருக்கக்கூடியதுதான் சரி, மாற்றிவிடுங்கள்.

அளக்கும்போது மீட்டரின் சிவப்பு வயர் ஆம்பியர் துளையில் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். அப்படி இருந்தால் மீட்டரே பேட்டரியை ஷார்ட் செய்துவிடும். எதைக் கழற்றினாலும் பேனலை முதலிலும் பேட்டரியைக் கடைசியிலும் கழற்றுங்கள். மாட்டும்போது பேட்டரியை முதலில் மாட்டுங்கள், ஏனென்றால் பல கண்ட்ரோலர்கள் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதை அதைக் கொண்டே முடிவு செய்கின்றன.