விதையிலிருந்து காப்பிச் செடி: சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வளர்ப்போரின் கேள்விகளும் பதில்களும்

செங்காங்: வறுக்காத பச்சைக் காப்பிக்கொட்டை வாங்கி ஊறவைத்து நட்டேன். ஆறு வாரமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. இன்னும் காத்திருக்கலாமா?

ஒரு கொட்டையைத் தோண்டி எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே வெளுப்பாக, கெட்டியாக இருந்தால் இன்னும் மூன்று வாரம் விடலாம். பழுப்பேறிக் குழைந்தால் அது செத்த விதை. இரண்டாவதுதான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம்.

காப்பி விதையை உலர்த்தி டப்பாவில் போட்டு அடுத்த ஆண்டு விதைக்க முடியாது. அறை வெப்பத்தில் அராபிக்கா வகை விதை நாலைந்து மாதங்களில் முளைப்புத்திறனைப் பெருமளவு இழந்துவிடும். ரோபஸ்டா வகைக்கு அதைவிடக் குறைவான காலமே. வறுப்பதற்கென விற்கும் கொட்டையை 11-12 சதவிகித ஈரத்துக்கு உலர்த்தி, கப்பலேற்றி, கிடங்கில் வைத்திருந்து விற்கிறார்கள். நம் கைக்கு வரும்போது அதன் உயிர் போயிருக்கும். கஃபீன் நீக்கிய கொட்டையென்றால் முயற்சியே வேண்டாம்.

காய்க்கும் செடி வைத்திருப்பவர்களிடமோ சமூகத் தோட்டத்திலோ கேட்டுப் பழுத்த பழமாக வாங்குங்கள். ஏற்காடு, குடகு போய்வரும்போது பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். காய்த்துளைப்பான் வண்டு பழத்துக்குள்ளேயே ஒளிந்து வரும். வெளிநாட்டு விதை வேண்டுமென்றால் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி விதிகளை முதலில் பாருங்கள்.

ஈசூன்: எனக்குப் பழமே கிடைத்துவிட்டது, ஐயா. விதைக்கும்வரை என்ன செய்ய வேண்டும்?

முழுச் சிவப்பாகப் பழுத்ததை மட்டும் எடுங்கள். விரலால் பிதுக்கினால் இரண்டு கொட்டைகள் வரும். ஒற்றை உருண்டைக் கொட்டை வந்தால் ஒதுக்கிவிடலாம். தண்ணீரில் போட்டு, மிதப்பதை எறிந்துவிடுங்கள். மூழ்கியதை இரவு முழுவதும் அதே தண்ணீரில் விட்டு, காலையில் மணலோடு சேர்த்துத் தேய்த்துக் கழுவினால் வழுவழுப்பு போய்விடும். அதை மிச்சம் வைத்தால் பூஞ்சை அங்கேதான் தொடங்கும்.

பிறகு நிழலில், காற்றாட, மேல் ஈரம் போகும்வரை இரண்டு மூன்று நாள். வெயில் கூடாது. இப்போது கொட்டையைச் சுற்றி வைக்கோல் நிறத்தில் மெல்லிய ஓடு தெரியும். அதோடும் விதைக்கலாம். ஆனால் நகத்தால் மெதுவாக உரித்துவிட்டால் இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே முளைக்கும். உரிக்கும்போது கொட்டையின் முனையில் கீறல் விழக்கூடாது. முளைக்கரு அங்கேதான் இருக்கிறது.

24 மணி நேரம் ஊறவைத்து (தண்ணீரை ஒருமுறை மாற்றுங்கள்), கழுவிய ஆற்றுமணலில் தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி 1 முதல் 1.5 செ.மீ. ஆழத்தில் புதையுங்கள். விதைக்கு விதை 2.5 செ.மீ. இடைவெளி போதும். நம் ஊர் வெப்பத்தில் ஓடு உரித்த விதை நாலைந்து வாரத்தில் தலைதூக்கும், ஓட்டோடு விதைத்தது ஆறு முதல் எட்டு வாரத்தில். மணல் ஈரமாக இருக்கட்டும், சொதசொதப்பாக வேண்டாம். டிசம்பர், ஜனவரி மழையில் தட்டு நனைந்துகொண்டே இருந்தால் நாற்றழுகல் வந்து, தண்டு மண்மட்டத்தில் கருத்துச் சாய்ந்துவிடும்.

தெம்பனிஸ்: முளை நிமிர்ந்துவிட்டது, ஆனால் கொட்டை அதன் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. எடுத்துவிடலாமா?

கை வைக்காதீர்கள். வித்திலைகள் அதற்குள் மடிந்து கிடக்கின்றன, பிய்த்தால் அவையும் போகும். ஓடு காய்ந்து இறுகியிருந்தால் காலையும் மாலையும் நீர் தெளியுங்கள், தானாகக் கழன்றுவிடும்.

தோட்டக்காரர்கள் இதைத் ‘தொப்பி’ப் பருவம் என்பார்கள். நாற்றுப் பைக்கு மாற்ற இதுவே சரியான நேரம். பை குறைந்தது 15-க்கு 23 செ.மீ. இருக்கட்டும். இந்தியக் காப்பி நாற்றங்கால்களில் காட்டுமண் 6 பங்கு, மக்கிய தொழுவுரம் 2, மணல் 1 என்று கலப்பார்கள். இங்கே பூந்தோட்ட மண், மண்புழு உரம், பெர்லைட் (வடிகாலுக்கு உதவும் இலேசான வெள்ளைத் துகள்) அதே 6:2:1 பங்கில் சரிவரும். மாற்றும்போது ஆணிவேர் மடங்கக் கூடாது. ஒரு குச்சியால் ஆழமாகத் துளையிட்டு, வேரைத் தொங்கவிட்டு மண்ணை அணையுங்கள். வேர் மிக நீளமாக இருந்தால் நுனியைக் கிள்ளலாமே தவிர மடக்கித் திணிக்காதீர்கள். மடங்கிய வேரோடு செடி ஓராண்டு நன்றாகத்தான் தெரியும். பிறகு காரணம் புரியாமல் வளர்ச்சி நின்றுபோகும்.

உட்லண்ட்ஸ்: அராபிக்காவா, ரோபஸ்டாவா?

அராபிக்கா மலைச்செடி, 18 முதல் 22 டிகிரி அதற்கு இதம். இங்கே இரவிலும் 24, 25. செடி வாழும், பளபளவென்று இலை விடும், ஆனால் மொட்டுகள் சூட்டில் சரியாக விரியாமல் பச்சையாகவே நின்றுவிடுவதுண்டு. ரோபஸ்டாவும், ஜொகூரில் பயிராகும் லைபீரிக்காவும் தாழ்நிலச் சூட்டைத் தாங்கும். லைபீரிக்கா பெரிய மரமாகும் என்பதால் வீவக வீட்டுக்கு ரோபஸ்டாவே என் தேர்வு. ஒரு நிபந்தனை: ரோபஸ்டா தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. காய் வேண்டுமானால் வெவ்வேறு விதையிலிருந்து வந்த இரண்டு செடியாவது தேவை. அராபிக்கா ஒற்றைச் செடியிலேயே காய்க்கும்.

ஜூரோங்: இளம் இலைகள் மஞ்சளாகின்றன, நரம்பு மட்டும் பச்சை. உரம் போதவில்லையா?

இரும்புச்சத்தை வேரால் எடுக்க முடியவில்லை. மண்ணின் காரத்தன்மையும் எப்போதும் ஊறிய வேரும் சேர்ந்து இப்படிச் செய்யும். முதலில் தண்ணீரைக் குறைத்து, வடிகால் பாருங்கள். மண்ணின் பிஎச் 6 அளவில் இருக்க வேண்டும். பிறகு கீலேட் இரும்பு (வேர் எளிதாக எடுக்கும் வடிவில் உள்ள இரும்புச்சத்து) கொடுங்கள். கீழ் இலைகள் மொத்தமாக மஞ்சளானால் அது தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை. அதற்குத்தான் உரம். அதுவும் நாலு ஜோடி இலை வந்த பிறகு, பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதி.

இடத்தையும் கவனியுங்கள். காலை வெயில் இரண்டு மணி நேரம் நல்லது, மேற்கு வெயில் இலையைச் சுடும். ஏர்கான் கம்ப்ரசர் விடும் சூட்டுக்காற்றில் வைத்தால் எவ்வளவு ஊற்றினாலும் நுனி கருகும்.

பிடோக்: காப்பிக் கடைச் சக்கையை மண்ணில் போடலாமா, அண்ணே?

அப்படியே போட வேண்டாம். கட்டியாகி நீரைத் தடுக்கும், பூஞ்சை பூக்கும். காப்பிக் கடைக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பது வழக்கம், எறும்பும் வரும். எறும்பு வந்தால் மாவுப்பூச்சியையும் காத்து வளர்க்கும். எருக்குழியில் மக்கவைத்துப் போடுங்கள்.

பொங்கோல்: தாழ்வாரத்தில் வைக்கலாமா?

1.2 மீட்டர் வழி விட்டு வைக்கலாம். தட்டில் தேங்கும் நீரை ஒருநாள்விட்டு ஒருநாள் கொட்டுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிட அந்தத் தேங்கிய நீரே போதும்.

தோ பாயோ: எப்போது பூக்கும்? நுனி கிள்ளலாமா?

விதையிலிருந்து மூன்று, நான்கு ஆண்டு. காப்பி மொட்டு ஒரு வறட்சிக்குப் பின் வரும் மழைக்குக் காத்திருக்கும். இங்கே பிப்ரவரி கொஞ்சம் காய்வதால் அப்போது நீரைக் குறைத்து, இலை லேசாகத் துவளத் தொடங்கியதும் நன்றாக நனையுங்கள். மொட்டு தயாராக இருந்தால் எட்டுப் பத்து நாளில் பூக்கும். வெள்ளைப் பூ இரண்டு மூன்று நாளே நிற்கும். ரோபஸ்டாவென்றால் காலையில் தூரிகையால் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்கு மகரந்தம் தடவுங்கள். பழுக்கப் பத்து, பதினொரு மாதம்.

ஒன்றரை மீட்டரில் நுனியை வெட்டலாம். பக்கக்கிளைகளை மட்டும் அடியோடு வெட்டாதீர்கள். போன கிளை அதே கணுவில் திரும்ப வராது, காய் பிடிப்பதும் அந்தக் கிளைகளில்தான்.