கடலில் மீன் தீர்ந்துவிடுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 2048-ஆம் ஆண்டுக்குள் கடலில் மீனே இல்லாமல் போய்விடும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா?

பதில்: இல்லை. ஆனாலும் இந்த 2048 எங்கிருந்து முளைத்தது என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் எத்தனை முறை மறுத்தாலும் இது திரும்பி வந்துவிடுகிறது. கடல் ஆய்வாளர் போரிஸ் வோர்ம் தலைமையிலான குழு 2006-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரு மீன் இனத்தின் பிடிப்பு, அதுவரை பதிவான உச்ச அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கினால் அதைச் 'சரிவு' என்று அவர்கள் வரையறுத்தார்கள். அன்றைய போக்கு மாறாமல் நீடித்தால் பிடிக்கப்படும் இனங்கள் அனைத்தும் 2048 வாக்கில் அந்த நிலையை எட்டும் என்பது கணிப்பு. சரிவு வேறு, அழிவு வேறு. தவிர, பிடிப்பு குறைந்தால் மீன் குறைந்துவிட்டது என்று பொருள் கொள்ளவும் முடியாது; அரசு தடை போட்டாலும் பிடிப்பு குறையத்தான் செய்யும். இந்தக் கணிப்பைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் மீன்வள அறிஞர் ரே ஹில்போர்ன். அறிவியலில் அரிதாக நடக்கும் ஒன்று பிறகு நடந்தது: எதிரும் புதிருமாக நின்ற இருவரும் சேர்ந்தே தரவுகளை ஆராய்ந்தார்கள். நன்றாக ஆராயப்பட்ட 10 கடற்பகுதிகளில் ஐந்தில் மீன்பிடி அழுத்தம் குறைந்திருக்கிறது என்று 2009-இல் கூட்டாக எழுதினார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். 1974-இல் உலகின் மீன் தொகுதிகளில் (ஒரு கடற்பகுதியில் வாழும் ஓரின மீன் கூட்டம் ஒரு தொகுதி) அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டவை சுமார் 10 சதவீதம். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2025-இல் தந்த கணக்கில் அது 35.5 சதவீதம். அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலே சாட்சி. அங்கு காட் (cod) என்னும் குளிர்கடல் மீன் குலைந்துபோய், 1992-இல் மீன்பிடிப்புக்குத் தடை வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு என்று சொல்லித்தான் தடையை அறிவித்தார்கள். அது முழுதாக விலக 2024 வரை ஆயிற்று. இன்னொரு பக்கம், அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரை 2011-இல் அழியும் ஆபத்திலிருந்த இனமாகப் பட்டியலிடப்பட்டது. எவ்வளவு பிடிக்கலாம் என்ற ஒதுக்கீட்டைக் குறைத்தார்கள், கள்ளத்தனமாகப் பிடிப்பதைக் கண்காணித்தார்கள். 2021-இல் அது ஆபத்துப் பட்டியலிலிருந்தே இறங்கிவிட்டது. ஆகவே எந்த இனம், எந்தக் கடல், யார் கண்காணிக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆண்டு குறித்துச் சொல்லும் ஆரூடங்களை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஓரிடத்தில் மீன்பிடிக்கத் தடை விதித்தால் படகுகள் பக்கத்து இடத்துக்குப் போய்ப் பிடிக்கப் போகின்றன. இதில் என்ன லாபம்?

பதில்: நியாயமான சந்தேகம். சில நேரம் நீங்கள் சொல்வதே நடக்கிறது. ஆனால் தடை உண்மையான தடையாக இருந்த இடங்களைப் பாருங்கள். மெக்சிகோவின் காபோ புல்மோ 1995-இல் தேசியப் பூங்காவானது. அதற்காக முன்னின்றவர்களில் அந்த ஊர் மீனவக் குடும்பங்களும் உண்டு. 1999-க்கும் 2009-க்கும் இடையில் அங்கிருந்த மீன்களின் மொத்த எடை ஐந்து மடங்குக்கு மேல் பெருகியது.

'மீன் ஓரிடத்தில் நிற்காதே, சூரை போன்ற நெடுந்தூரம் நீந்தும் மீனுக்கு வேலி போட முடியுமா?' என்பது அடுத்து வரும் வாதம். நானும் அதில் பாதி நம்பிக்கை வைத்திருந்தவன்தான். ஹவாயின் வடமேற்கே உள்ள பாபஹானவ்மொகுவாகேயா என்ற மாபெரும் காப்பகம் 2016-இல் சுமார் 15 லட்சம் சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. அதன் எல்லைக்கு அருகே தூண்டில் போட்ட படகுகளுக்கு மஞ்சள் துடுப்புச் சூரை கிடைக்கும் வீதம் 54 சதவீதம் உயர்ந்ததாக 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. உள்ளே பெருகுவது வெளியே வழிகிறது. எல்லையோரத்தில் வலை வீசுபவருக்கும் அதில் பங்கு உண்டு.

எனக்கு இருக்கும் மனக்குறை வேறு. 2030-க்குள் 30 சதவீதக் கடலைக் காப்போம் என்று 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் நாடுகள் ஒப்புக்கொண்டன. அந்த இலக்கை எட்டும் அவசரத்தில், வரைபடத்தில் கோடு கிழித்துவிட்டு உள்ளே இழுவை வலையை அனுமதிக்கும் 'காப்பகங்கள்' பெருகுகின்றன. இழுவை வலை ஓடும் இடத்தைக் காப்பகம் என்று அழைப்பது ஏமாற்று வேலை.

கேள்வி: குஞ்சுகளை விட்டுவிட்டுப் பெரிய மீன்களை மட்டும் பிடித்தால் போதும்தானே?

பதில்: குஞ்சுகளை விடுவது சரி. ஒரு முறையாவது முட்டையிட்ட பிறகு பிடிபட வேண்டும் என்பதுதான் வலைக் கண்ணியின் அளவுக்கு விதி வைப்பதன் காரணம். 'பெரியதை மட்டும்' என்பதில்தான் சிக்கல். 30 கிலோ எடையுள்ள ஒரு பெண் காட் மீன் இடும் முட்டைகள், தலா இரண்டு கிலோ எடையுள்ள 28 பெண் மீன்கள் இடும் முட்டைகளை மிஞ்சுகின்றன. 28 மீன்களின் மொத்த எடை 56 கிலோ என்பதைக் கவனியுங்கள். வயதான தாய் மீன்தான் அந்தக் கூட்டத்தின் முதல்; அதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு வட்டி வரும் என்று காத்திருக்க முடியாது. களவா போன்ற இனங்களில் சிக்கல் இன்னும் கூடுதல். அவற்றில் பலவும் பெண்ணாக வாழ்வைத் தொடங்கி, வளர்ந்த பின் ஆணாக மாறுபவை. பெரியவற்றையே தேடிப் பிடித்தால் ஆண் மீன்களுக்குப் பஞ்சம் வந்துவிடும். சில மீன்வளங்களில் குறைந்தபட்ச அளவோடு அதிகபட்ச அளவும் விதிக்கப்படுகிறது. அதுவே சரியான முறை.

கேள்வி: நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் பாதி கடலிலிருந்து வருகிறது. கடல் கெட்டால் மூச்சுத்திணறிச் சாவோமா?

பதில்: மாட்டோம். உலகின் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழ பாதி கடலில் நடக்கிறது என்பது உண்மை. ஆனால் அங்கே உண்டாகும் ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் கடல் உயிர்களே செலவழித்துவிடுகின்றன. வளிமண்டலத்தில் இருப்பு ஏராளம். மூச்சுத்திணறல் கடலுக்குள்தான் தொடங்கியிருக்கிறது: 1960 முதல் 2010 வரை கடல்நீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் சுமார் 2 சதவீதம் குறைந்தது. வெந்நீரில் வாயு தங்காது, கடல் சூடாகிறது.

கேள்வி: பண்ணை மீன் வாங்கினால் கடலுக்கு நல்லதா?

பதில்: அது என்ன தின்று வளர்ந்தது என்பதைப் பொறுத்தது. 2022-இல் முதன்முறையாக, பண்ணையில் வளர்த்த நீர்வாழ் விலங்குகளின் அளவு இயற்கை நீர்நிலைகளில் பிடித்ததை முந்தியது. சிப்பி, மட்டி போன்றவை நீரை வடிகட்டித் தமக்கான உணவை எடுத்துக்கொள்கின்றன. யாரும் தீனி போட வேண்டியதில்லை. கடற்பாசியும் அப்படியே. இவற்றுக்கு என் முழு ஆதரவு உண்டு. சால்மன் போன்ற ஊனுண்ணிகளுக்கு மீன்தூளும் மீனெண்ணெயும் வேண்டும். அவற்றுக்காகக் கடலிலிருந்து நெத்திலி வகைகள் டன் கணக்கில் அள்ளப்படுகின்றன. தீனியில் மீன்தூளின் பங்கு குறைந்து வருகிறது என்பது ஆறுதல். அலையாத்திக் காட்டை வெட்டித் தோண்டிய இறால் குட்டைகளுக்கு என்னிடம் ஒரு நல்ல வார்த்தையும் இல்லை.

கேள்வி: கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவதால் பயன் உண்டா?

பதில்: உண்டு, கரைக்கு. நடுக்கடலில் கதை வேறு. பசிபிக்கின் பெரும் குப்பைத் திட்டில் எடைக்கணக்கில் ஏறத்தாழ பாதி மீன்வலைகள். அறுந்தும் கைவிடப்பட்டும் மிதக்கும் வலை ஆளில்லாமலே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கும். பழைய வலையைத் துறைமுகத்தில் திரும்ப வாங்கிக்கொள்ள ஏற்பாடு வேண்டும் என்று கேளுங்கள்.

கேள்வி: எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலை யார் காப்பது? அங்கே தரையைத் தோண்டி உலோகம் எடுக்கப் போகிறார்களாமே?

பதில்: கரையிலிருந்து 200 கடல் மைல் வரை அந்தந்த நாட்டின் பொருளாதார மண்டலம். அதற்கப்பால் உள்ளது கடல்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அங்கே காப்பகங்கள் அமைக்க உலகம் முழுவதற்குமான வழிமுறை வெகுகாலம் இல்லாமலே இருந்தது. 2023 ஜூனில் ஐ.நா.வில் ஏற்கப்பட்ட பன்னாட்டுக் கடல் ஒப்பந்தம் 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததால் இப்போது அதற்கு வழி பிறந்திருக்கிறது. ஆனால் மீன்பிடிப்புக்கும் சுரங்கத்துக்கும் ஏற்கெனவே இருக்கும் அமைப்புகளின் அதிகாரம் அப்படியேதான் இருக்கிறது. பன்னாட்டுக் கடற்படுகை ஆணையம் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இயங்குகிறது; தோண்டலுக்கான விதிகளை வகுப்பது அதன் பொறுப்பு.

எல்லோருடைய கண்ணும் பசிபிக்கின் கிளாரியன் கிளிப்பர்டன் பகுதி மேல்தான். அங்கே நான்கைந்து கிலோமீட்டர் ஆழத்தில் மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் கலந்த உலோக உருண்டைகள் பரவிக் கிடக்கின்றன. பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டர்தான் அவை வளர்கின்றன. அவற்றை அள்ளினால் படுகை எப்போது தேறும்? 1989-இல் பெரு நாட்டுக்கு அப்பால் ஆழ்கடலில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் சோதனைக்காக ஒரு பகுதியை உழுதார்கள். 26 ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அந்த உழவுத் தடம் அப்படியே இருந்தது. காட் மீனுக்காவது சில பத்தாண்டுகள் காத்திருக்கலாம். இந்தத் தோண்டலுக்கு இப்போதைக்கு அனுமதி தரக்கூடாது என்பதே என் நிலை.