வானிலிருந்து எடுத்த படங்களில் பயிரின் நிறத்தை வைத்துப் பழங்கால வயல் எல்லைகளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சிங்கப்பூரில் இருந்துகொண்டே கணினியில் நாமும் இதைத் தேடிப் பார்க்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் படத்தைத் திறப்பதற்கு முன்னால் மண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அம்மாவின் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். பள்ளி விடுமுறைக்கு அங்கே போயிருந்தபோது, மாமாவின் கடலைக் கொல்லையில் வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் கரும்பச்சையாக நின்றது. சுற்றிலும் செடி வாடிக் கிடந்தது. கேட்டேன். "அங்க உங்க தாத்தா காலத்துக் கிணறு இருந்துச்சு தம்பி, தூத்துட்டோம்" என்றார். பத்து வயதில் கேட்ட அந்த ஒரு வரிக்குள் இந்தத் துறையின் அடிப்படை முழுவதும் இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

தோண்டிய பள்ளம் எத்தனை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு தூர்ந்திருந்தாலும், அதில் நிறைந்த மண் பக்கத்து மண்ணைப் போல இறுகிப் போவதில்லை. மக்கிய பொருளும் ஈரமும் அதில் கூடுதல். மழை பொய்த்த காலத்தில் அதன் மேல் நிற்கும் பயிரின் வேர் கீழே போய் நீரைத் தேடிக்கொள்கிறது. மற்ற பயிர் மஞ்சளாகும்போது இது பச்சையாகவே நிற்கும், கொஞ்சம் உயரமாகவும் வளரும். புதைந்த சுவரோ கல் பாவிய பாதையோ அடியில் இருந்தால் நேர்மாறு: வேர் இறங்க இடமில்லாமல் அந்தக் கோடு முதலில் காய்ந்துவிடும். வரப்பில் நின்று பார்த்தால் இங்கொரு பச்சை, அங்கொரு மஞ்சள், அவ்வளவுதான். மேலே இருந்து பார்க்கும்போதுதான் அவை சேர்ந்து ஒரு வேலியாக, ஒரு அகழியாக, ஒரு வீட்டு வளைவாகத் தெரிகின்றன.

இங்கேயே இதைப் பார்த்திருக்கிறேன். 2014 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை சிங்கப்பூரில் தொடர்ந்து 27 நாள் மழையில்லை. தீவு முழுவதும் புல் பழுப்பேறியது. எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குக்கு எதிரில், முன்பு இரண்டு புளோக்குகளை இடித்த இடத்தில் ஒரு திடல் இருந்தது. ஒன்பதாவது மாடித் தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் நேர்கோட்டில் வெளிறிய பட்டைகள், அவற்றை ஒட்டி மெல்லிய பச்சை இழை ஒன்று. பட்டைகள் பழைய நடைபாதை. பச்சை இழை மூடிய சாக்கடை. பழைய தெரு வரைபடத்தை வைத்து ஒப்பிட்டேன், இம்மி பிசகவில்லை. வரைபடம் வரையும் வேலையில் இருக்கும் எனக்கு அன்றிலிருந்து இது ஆழ்ந்த ஈடுபாடாகிவிட்டது.

எல்லாப் பயிரும் எல்லா மண்ணும் இதைக் காட்டாது. பார்லியும் கோதுமையும் நன்றாகக் காட்டும். புல் கடும் வறட்சியில்தான் வாய் திறக்கும். சரளை மண்ணும் சுண்ணாம்புப் பாறை மேலுள்ள மெல்லிய மண்ணும் சாதகம், களிமண் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் தாமதமாகவே காட்டும். நம் டெல்டா வயல்களில் நெல்லுக்குத் தண்ணீர் கட்டி நிறுத்துவதால் மேடு பள்ளம் எல்லாவற்றுக்கும் ஒரே ஈரம்தான். அங்கே இந்த முறை கை கொடுக்காது. மாமாவின் புன்செய்க் கொல்லை காட்டியதற்குக் காரணம் அதுவே.

இனி முக்கியமான இடம். கோடு தெரிகிறது, அது பழையது என்று எப்படிச் சொல்வது? 2018-இல் படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தேன். அந்தக் கோடையில் அங்கும் அயர்லாந்திலும் கடும் வறட்சி. அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் என்ற புதிய கற்காலக் கல்லறை மேட்டின் அருகே அதுவரை தெரியாத பெரிய வட்ட வளாகம் ஒன்று டிரோன் படத்தில் வெளிப்பட்டதும் அந்த ஜூலையில்தான். எங்களுக்குப் பயிற்சியாகக் கொடுத்த படத்தில் தேன்கூடு போல ஒரு வலை. சின்னச் சின்ன வயல்கள் என்று நம்பி ஒரு மாலை முழுக்க வரைந்தேன். ஆசிரியர் பார்த்துவிட்டு, பனியுகத்தில் தரை உறைந்து வெடித்த பிளவுகள் இவை, மனிதன் கை படாதவை என்றார். வயல் என்றால் அதற்கு ஒரு வழி வேண்டும், நுழைவு வேண்டும், பக்கத்து வயலோடு ஒரு உறவு வேண்டும் என்றும் சொன்னார். அந்த மூன்றையும் இன்றுவரை நான் விட்டதில்லை.

அதனால் முதலில் கழிக்க வேண்டியவற்றைக் கழிப்பேன். டிராக்டர் தடங்கள் சம இடைவெளியில் இணையாகப் போகும். எரிவாயுக் குழாய் பல வயல்களை வெட்டிக்கொண்டு ஒரே போக்காக ஓடும். 19-ஆம் நூற்றாண்டு நில அளவை வரைபடத்தை மேலே விரித்துப் பார்த்தால், இடையில் பிடுங்கிய வேலிகள் பலவும் அதிலேயே இருக்கும். மிஞ்சுவதைத்தான் படிக்க வேண்டும்.

இடைக்கால உழவுப் பட்டைகள் நீளமாக, லேசாக வளைந்து, திருப்பிப் போட்ட எஸ் எழுத்துப் போல இருக்கும். வரிசையாகப் பூட்டிய எருதுகளை வயலின் கோடியில் திருப்ப இடம் வேண்டும், அதனால் முன்கூட்டியே ஒடித்துத் திருப்பியதன் தடம் அது. அதற்கும் முந்தையவை சிறு சதுரங்கள். மண்ணைப் புரட்டாத எளிய கலப்பையால் குறுக்கும் நெடுக்கும் உழுததால் அந்த வடிவம் என்பார்கள். வான்படத் தொல்லியலின் முன்னோடியான ஓ. ஜி. எஸ். கிராஃபோர்ட் 1920-களில் இவற்றுக்குக் 'கெல்டிக் வயல்கள்' என்று பெயர் வைத்தார். கெல்ட்டுகள் எனப்பட்ட இரும்புக் கால மக்களுக்கும் முந்திய வெண்கலக் காலத்து வயல்களும் அவற்றில் உண்டு என்பதால் அந்தப் பெயர் இன்றைக்குப் பொருந்தவில்லை, ஆனாலும் நிலைத்துவிட்டது.

அடைப்புகளில், அதாவது அகழியோ வேலியோ சூழ்ந்த இடங்களில், நான் முதலில் தேடுவது வாயில். இரு பக்கமும் அகழி ஓடும் ஒரு பாதை, அடைப்பை நெருங்கும்போது புனல் போல விரிந்தால் அது மாட்டை மடக்கி உள்ளே ஓட்டிய வழி, உள்ளே இருந்தது பட்டி. நேரான பக்கங்களும் சீட்டுக்கட்டு அட்டை போல உருண்ட மூலைகளும் இருந்தால் ரோமானியப் படை முகாமாக இருக்கலாம். அகழி தொடர்ச்சியாக இல்லாமல் விட்டுவிட்டு வெட்டியிருந்தால் புதிய கற்காலம் வரை யோசிக்க வேண்டும். ஒரு வயல் எல்லை நேராக வந்து, அடைப்பின் அருகில் வளைந்து ஒதுங்கிப் போனால், அந்த எல்லையை வெட்டும்போது அடைப்பு கண்ணுக்குத் தெரியும்படி நின்றிருக்கிறது. எது முதலில் என்பதற்கு ஒரு படத்திலிருந்து கிடைக்கும் சிறந்த சான்று இந்த வளைவு. ஆண்டைச் சொல்ல மண்ணைத் தோண்டித்தான் ஆக வேண்டும்.

இத்தாலியின் தவோலியேரே சமவெளியை பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஜான் பிராட்ஃபோர்டு படித்த விதத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரின் இறுதியில் பிரிட்டிஷ் விமானப்படை எடுத்த படங்களில், பெரிய அகழி சூழ்ந்த புதிய கற்காலக் குடியிருப்புகளை அவர் கண்டார். உள்ளே வீடுவீடாகச் சி எழுத்து வடிவில் சிறு அகழிகள். வறண்ட வயல் தன்னால் காட்டிக்கொடுத்தது.

நீங்கள் தொடங்க வேண்டுமென்றால் கூகுள் எர்த்தில் பழைய படங்களைக் காட்டும் வசதியைத் திறந்து, கிழக்கு இங்கிலாந்தின் வயல்களை ஆண்டு ஆண்டாக மாற்றிப் பாருங்கள். வறண்ட ஜூன், ஜூலைப் படம் கிடைத்தால் நிறுத்துங்கள். ஒரே வயல் ஒன்பது ஆண்டு ஒன்றும் காட்டாமல் பத்தாவது ஆண்டு எல்லாவற்றையும் காட்டும். ஆகவே ஒரு படத்தில் கோடு இல்லை என்பதற்கு எந்த மதிப்பும் கிடையாது. சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் இலவசம்தான், ஆனால் அதன் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். இரண்டு மீட்டர் அகழி அதில் கரைந்துவிடும். நீங்கள் வரைந்ததைச் சரிபார்க்க, இங்கிலாந்தின் பாரம்பரிய இடங்களைக் காக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு இணையத்தில் திறந்து வைத்திருக்கும் வான்படத் தொல்லியல் வரைபடம் இருக்கிறது. முதலில் நீங்களாக வரையுங்கள், பிறகு அதைத் திறங்கள்.

சிங்கப்பூருக்கே வந்தால், நம் பழைய நகரத்துக்கும் எல்லை இருந்தது. 1822 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அதிகாரி ஜான் கிராஃபர்ட் (மேலே சொன்னவர் வேறு) அந்த எல்லையாக நின்ற மண் அரணை நடந்தே பார்த்து, அடிப்பகுதி அகலம் சுமார் 16 அடி, உயரம் 8 அல்லது 9 அடி என்று எழுதி வைத்தார். அரணின் வெளிப்புறம் ஓடிய சிற்றோடையே அகழியாக உதவியது. இன்று அந்தப் பக்கம் ஸ்டாம்ஃபோர்டு சாலை. அங்கே காய்ந்து காட்டப் பயிர் இல்லை. ஆனால் தேசிய ஆவணக் காப்பகத்தில் பிரிட்டிஷ் விமானப்படை 1940-களிலிருந்து எடுத்த தீவின் வான்படங்கள் இருக்கின்றன. கம்பத்து (கிராமத்து) பாதைகள், காய்கறித் தோட்டங்களின் பாத்திகள், ரப்பர்த் தோட்ட எல்லைகள் எல்லாம் தெளிவாகத் தெரியும். உங்கள் புளோக் நிற்கும் இடத்தை அவற்றில் தேடிப் பிடித்து, இப்போதைய படத்தின் மேல் பொருத்திப் பழகுங்கள். கண் அதில்தான் முதலில் தேறும்.