அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.-இல், அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு முன் அவர்களை மதிப்பிடும்போது 40 யார்டு ஓட்டத்தை எவ்வளவு நம்பலாம்?

எறியப்படும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஒருவரை மதிப்பிடுவதாக இருந்தால், அந்த ஓட்டத்தை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். இந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது 2017-ஆம் ஆண்டு டிராஃப்ட்.

அந்த ஆண்டு இண்டியானாபொலிஸில் நடந்த கம்பைனில், அதாவது டிராஃப்டுக்கு முன் வீரர்களைச் சோதிக்கும் முகாமில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் ராஸ் 40 யார்டை, அதாவது ஏறக்குறைய 36.6 மீட்டரை, 4.22 நொடியில் ஓடி, 2008 முதல் கிறிஸ் ஜான்சன் பெயரில் இருந்த 4.24 நொடிச் சாதனையை முறியடித்தார். அதே மாநிலத்தின் ஈஸ்டர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த கூப்பர் கப்புக்கோ 4.62 நொடி ஆனது. சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி ராஸை 9-ஆவது தேர்வாக எடுத்தது. கப் மூன்றாம் சுற்றில், 69-ஆவது தேர்வாக, லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குப் போனார். முதல் பருவத்தில் ராஸ் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. கப் 2021-இல் 145 பந்துகளைப் பிடித்து, 1,947 யார்டும் 16 டச்டவுனும் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கும் புள்ளிகள்) சேர்த்து, மூன்றிலும் லீகின் முதலிடத்தைப் பெற்றார். அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் பெங்கால்ஸை வீழ்த்திய கடைசி டச்டவுனும் அவருடையதே.

இதை வைத்துப் பெங்கால்ஸைக் குறை சொல்வது நியாயமாகாது. ராஸ் 2016-இல் 17 டச்டவுன் பிடித்தவர். வெறும் ஓட்டக்காரர் அல்லர். ஆனால் முழங்கால் காயத்தால் 2015 பருவம் முழுவதையும் இழந்தவரும் அவரே. கம்பைனில் நடக்கும் மருத்துவப் பரிசோதனை தொலைக்காட்சியில் வருவதில்லை என்றாலும், அணிகளுக்கு அதுதான் அங்கே மிக முக்கியமான வேலை.

40 யார்டு ஓட்டத்தில் தோள்கவசமும் தலைக்கவசமும் கிடையாது, எதிராளி கிடையாது, நடுவில் நிற்க வேண்டிய அவசியமும் கிடையாது. ஆட்டத்தில் ரிசீவரின் பிழைப்பே நிற்பதில்தான் இருக்கிறது. பன்னிரண்டு யார்டு முழு வேகத்தில் ஓடி, எதிரே பின்னோக்கி நகரும் கார்னர்பேக், அதாவது ரிசீவரைக் காக்கும் எதிரணிக் காவலர், இடுப்பைத் திருப்பிவிட்ட அந்தக் கணத்தில், இரண்டே எட்டில் வேகத்தைக் கொன்று, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை நோக்கித் திரும்ப வேண்டும். மூன்றாவது எட்டு தேவைப்பட்டாலோ, நிற்பதற்கு முன்பே தோள் நிமிர்ந்துவிட்டாலோ, காவலர் அதைப் படித்துவிடுவார். இந்த இரண்டு எட்டுகளை எந்தக் கடிகாரமும் அளப்பதில்லை. கப்பின் பழைய ஆட்டப் பதிவுகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தால், ஓடும்போதும் திரும்பும்போதும் அவர் தோள் ஒரே உயரத்தில் இருப்பது தெரியும்.

அவர் சிறிய கல்லூரிகளை எதிர்த்துக் குவித்த எண்ணிக்கைதானே என்ற தயக்கம் அப்போது பலருக்கு இருந்தது. அது நியாயமான தயக்கம்தான். நான்கு பருவங்களில் 428 பந்துகள் என்ற கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அத்தகைய வீரருக்கு, பெரிய கல்லூரிகளுடன் மோதிய சில ஆட்டங்களைத் தனியே பிரித்துப் பார்ப்பதே சரியான வழி. 2015-இல் பெரிய கல்லூரிகளில் ஒன்றான ஆரிகனுக்கு எதிராக கப் 15 பந்துகளைப் பிடித்து 246 யார்டு எடுத்தார்.

அடுத்த டிராஃப்டுக்கு முன் நீங்களே ஒரு ரிசீவரை எடை போட விரும்பினால், 22 வீரர்களும் தெரியும் உயரக் கோணப் பதிவு கிடைக்கிறதா என்று பாருங்கள். அதில், பந்து வேறொருவருக்குப் போகும்போதும் அவர் முழு வேகத்தில் ஓடுகிறாரா, அணித்தோழர் பந்தோடு வரும்போது எதிராளியை மறிக்கிறாரா என்று கவனியுங்கள். நான் முதலில் தேடுவது அதைத்தான்.