மரம் வெட்டுவதற்குக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: நண்பர்கள் மூன்று பேர் ‘வால்ஹெய்ம் வாங்குடா, சேர்ந்து ஆடலாம்’ என்று ஒரு மாதமாக நச்சரிக்கிறார்கள். வீடியோ போட்டுப் பார்த்தேன். மரம் வெட்டுகிறார்கள், கல் பொறுக்குகிறார்கள், செத்துப்போகிறார்கள், எழுந்து வந்து மறுபடி மரம் வெட்டுகிறார்கள். கதை உள்ள கேம்களை மட்டுமே ஆடிப் பழகியவன் நான். வாங்கலாமா?
— இன்னும் வாங்காதவன்

பதில்: நீங்கள் பார்த்தது சரிதான். கடைசி வரைக்கும் மரம்தான். முதல் பாஸ் (ஒவ்வொரு கட்டத்திலும் வெல்ல வேண்டிய பெரிய எதிரி) ஒரு மான், அதை அடித்தால் கொம்பு கிடைக்கும், கொம்பில் குந்தாலி செய்தால் செம்பும் வெள்ளீயமும் வெட்டலாம், இரண்டையும் உருக்கினால் வெண்கலம், அதை வைத்து அடுத்த காட்டுக்கு. இதைக் கதை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கதை வேறு இடத்தில் நடக்கிறது.

ஒன்று சொல்கிறேன். இந்த கேமில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவ மந்திர வாசல் உண்டு, ஆனால் சாதாரண வாசலுக்குள் உலோகத்தைக் கொண்டு நுழைய முடியாது. (2023-இல் கேமில் வந்த உலக செட்டிங்ஸில் இந்தத் தடையை நீக்கிக்கொள்ளலாம். நீக்காதீர்கள்.) ஒரு ஆள் சாதாரணமாக 300 எடை வரைதான் சுமக்கலாம் என்பதால் வண்டி கட்டித்தான் செம்பை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். தனியாக ஆடியபோது இந்த விதியைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். அப்புறம் மூன்று பேராகப் போனோம். நான் வண்டி இழுக்கிறேன், ஒருவன் பந்தம் பிடித்து முன்னால் போகிறான், இன்னொருவன் வில்லோடு பின்னால் வருகிறான், இருட்டிவிட்டது. வண்டி ஒரு அடிக்கட்டையில் மாட்டிக்கொண்டது. முந்தைய வாரம் நாங்களே மரத்தை வெட்டிவிட்டு, கட்டையை எடுக்கச் சோம்பல்பட்டு விட்டுவந்தது அது. ‘யார் வெட்டியது’ என்று மூன்று பேரும் கத்திக்கொண்டிருக்கும்போதே தரை அதிர்ந்தது. நீலத் தோலோடு மரங்களுக்கு மேலே தலை தெரிய ஒரு டிரால், அதாவது காட்டு ராட்சசன். ஓங்கி ஒரு அடி, வண்டி தூள். வில்காரன் போய்ச் சேர்ந்தான். நாங்கள் ஓடிவிட்டோம். செத்தவனின் சாமான் எல்லாம் அவன் விழுந்த இடத்தில் கல்லறையில் இருக்கும் என்பதால், அவன் வெறும் உடம்போடு அதே காட்டுக்குத் திரும்பி ஓடிவந்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறோம்.

இதுதான் நீங்கள் தேடும் கதை. மூன்று பேர் இல்லாவிட்டால் இது வெறும் சுமைதூக்கும் வேலை. அதனால் ‘கேம் நல்லதா’ என்பதை விட்டுவிட்டு, ‘வாரத்தில் ஒரு ராத்திரி, குறைந்தது இரண்டு பேர் என்னோடு சேர்ந்து உட்காருவார்களா’ என்று முதலில் பாருங்கள். நச்சரிக்கிறவர்கள் எல்லாரும் உட்காருகிறவர்கள் இல்லை. போன தடவை இதே ஆட்கள் வாங்கச் சொன்ன கேமை எத்தனை வாரம் ஆடினார்கள் என்று யோசித்துப் பாருங்கள், பதில் அதிலேயே இருக்கும்.

அடுத்து, நீங்கள் சேர்ந்து ஆடும் உலகம் யார் கணினியில் இருக்கப்போகிறது? வால்ஹெய்மில் 10 பேர் வரை ஆடலாம், ஆனால் எப்போதும் ஓடும் தனி சர்வர் வைக்காவிட்டால் ஹோஸ்ட், அதாவது தன் கணினியில் உலகத்தை வைத்திருப்பவன், வந்தால்தான் கதவு திறக்கும். எங்கள் ஹோஸ்டுக்கு வேலை மாறியது, இரண்டு மாதம் ஆள் காணவில்லை. நாங்கள் கட்டிய கோட்டை அவன் கணினிக்குள் பத்திரமாகத் தூங்கியது. கடைசியில் அந்த உலகத்தின் ஃபைலை நகலெடுத்து அனுப்பினான், வேறொருவன் கணினியில் போட்டுத் தொடர்ந்தோம். இதை முதல் வாரமே செய்திருக்கலாம். பூச்சி அளவுக்குச் சுருங்கி உயிர்பிழைக்கும் கிரவுண்டட் கேமில் இந்தத் தொல்லை இல்லை. 4 பேர்தான் ஆட முடியும், ஆனால் உலகத்தைப் பொதுவாக்கிவிட்டால் நால்வரில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.

குழு உடைவதற்கு நான் பார்த்த பெரிய காரணம் டிராலும் இல்லை, சர்வரும் இல்லை. நேரம் நிறைய இருக்கும் ஒருவன். மற்றவர்கள் தூங்கி எழுவதற்குள் அவன் இரும்புக் கவசம் போட்டு நிற்பான், பெட்டி நிறைய எல்லாம் இருக்கும், ‘எடுத்துக்கோங்க’ என்று பெருந்தன்மையாகச் சொல்வான். எடுத்துக்கொண்ட அன்றோடு மற்றவர்களுக்கு ஆர்வம் போய்விடும். அவன் தனியாக வரும்போது மரமும் கல்லும் சேர்க்கட்டும், புதுக் காட்டுக்கும் பாஸுக்கும் எல்லாரும் சேர்ந்துதான் என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மூவரில் அவன் யார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சரி, ஆட்கள் உண்டு என்றால் வாங்குங்கள். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ரீஃபண்ட் கேட்கலாம். ஆனால் இந்த மாதிரி கேமில் முதல் 2 மணி நேரத்தில் குடிசை கட்டி, உள்ளே தீ மூட்டி, புகைபோக்கி வைக்காமல் புகையிலேயே செத்திருப்பீர்கள், அவ்வளவுதான். பிடிக்குமா என்பது அதில் தெரியாது. உங்கள் கணினி தாங்குகிறதா, நண்பரின் உலகத்தில் இணைந்தால் திக்காமல் ஓடுகிறதா என்பதை மட்டும் அந்த நேரத்தில் பாருங்கள். முகப்புத் திரையைத் திறந்துவைத்துவிட்டு நண்பர்களுக்காகக் காத்திருக்காதீர்கள், கேம் திறந்திருக்கும் நேரமெல்லாம் கணக்கில் சேரும்.

கேள்வி: ஏர்லி ஆக்சஸில், அதாவது செய்து முடிக்கும் முன்பே விற்பனையில், இருக்கும் சர்வைவல் (உயிர்பிழைக்கும்) கேமை வாங்குவது புத்திசாலித்தனமா?
— அரைவேக்காடு பிடிக்காதவர்

பதில்: இந்த வகையில் ஏர்லி ஆக்சஸைத் தவிர்த்தால் பாதி கேம்களைத் தவிர்க்க வேண்டும். தி ஃபாரஸ்ட் 2014 மே மாதம் வந்தது, முழுமையானது 2018 ஏப்ரலில்தான். வால்ஹெய்ம் 2021 பிப்ரவரியில் வந்தது, 2024 மே மாதம் ஆஷ்லேண்ட்ஸ் பகுதியைச் சேர்த்தபோதும் ஏர்லி ஆக்சஸிலேயே இருந்தது. இன்னொரு பக்கம் தி டே பிஃபோர் என்ற கேம். 2023 டிசம்பர் 7 அன்று வெளியானது, 4 நாளில் நிறுவனத்தையே மூடுகிறோம் என்று அறிவித்தார்கள். (வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது.) என் வழக்கம் எளிது: இன்றைக்கு அதில் என்ன இருக்கிறதோ அதற்கு மட்டும் காசு. ‘அடுத்த வருடம் குதிரை வரும்’ என்று சொன்னால், குதிரை வந்ததும் வாங்கிக்கொள்கிறேன்.

கேள்வி: வீட்டில் இரண்டு கணினி உண்டு. ஸ்டீம் ஃபேமிலியில் (குடும்பத்தார் கேம்களைப் பகிர்ந்துகொள்ளும் வசதி) ஒரு காப்பி வாங்கி நானும் தங்கையும் சேர்ந்து ஆட முடியுமா?
— சிக்கன அண்ணன்

பதில்: முடியாது. குடும்பத்தில் 6 பேர் வரை சேரலாம், ஆனால் ஒரு காப்பியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆடலாம். சேர்ந்து ஆட இரண்டு காப்பி வேண்டும். ஒன்றை வாங்கி முதலில் தங்கையைத் தனியாக ஆடவிடுங்கள், அவருக்குப் பிடித்தால் இன்னொன்று.

கேள்வி: கிரவுண்டட் ஆட ஆசை, ஆனால் சிலந்தி என்றால் எனக்கு உயிர் போய்விடும்.
— எட்டுக்கால் எதிரி

பதில்: கேமின் செட்டிங்ஸில் இதற்கென்றே ஒரு ஸ்லைடர் வைத்திருக்கிறார்கள். தள்ளத் தள்ளச் சிலந்திக்குக் கால்கள் மறையும், கடைசியில் மிதக்கும் உருண்டை ஆகிவிடும். அந்த உருண்டையும் கடிக்கும்.